ஈரம் காயுமுன்

வைகாசி மாதத்து நண்பகலில் அம்பத்தூரிலோ ஆவடியிலோ ஒரு மாடியறையில் அமர்ந்து அக்ரிலிக் வண்ணம் கொண்டு படம் தீட்ட முயன்றவர்களுக்கு இந்தக் கட்டுரையின் பொருளை விளக்க வேண்டியதில்லை. தட்டில் பிதுக்கி வைத்த நீலம், அடுத்த குழாயின் மூடியைத் திறந்து மூடுவதற்குள் ஆடை கட்டிவிடுகிறது. தூரிகையால் தொட்டால் பாலேடுபோலச் சுருண்டு வருகிறது. மின்விசிறியைச் சுழலவிட்டால் வண்ணம் காய்கிறது. நிறுத்தினால் தீட்டுபவர் வியர்வையில் நனைகிறார். வானத்தின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு நீலத்தை மெல்ல வெளுக்கச் செய்வது என்கிற எளிய வேலை, அந்த வேளையில் ஓட்டப்பந்தயமாகிவிடுகிறது.

எங்கள் வட்டத்தில் எழுதுகிறவர்களோடு தீட்டுகிறவர்களும் சிலர் உண்டு. இந்த வண்ணத்தைக் காயாமல் வைத்திருப்பது எப்படி என்று அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். விடை தேடப் புகுந்த நாங்கள் ஒரு கைவினைக் குறிப்போடு திரும்பிவிடலாம் என்றுதான் எண்ணினோம். அது எங்களை ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் பின்னே இழுத்துச் சென்றது. அங்கு கண்டதைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அக்ரிலிக்கின் அவசரம் தமிழ்நாட்டு ஓவியத்துக்குப் புதியதன்று. இதற்கு இணையான ஓர் அவசரத்தோடு வாழ்ந்தவர்கள் நம் பழைய ஓவியர்கள். இடையில் வந்த எண்ணெய் வண்ணம் அதை நமக்கு மறக்கடித்தது.

நம் பகுதியிலிருந்தே தொடங்குவோம். பூவிருந்தவல்லிக்குத் தெற்கே உள்ள குன்றத்தூர், சேக்கிழார் பிறந்த ஊர். ஆவடிக்கு மேற்கே உள்ள திருநின்றவூர், அவர் பாடிய பூசலார் நாயனாரின் ஊர். கோயில் எழுப்பப் பொருள் இல்லாத பூசலார் மனத்துக்குள்ளேயே ஒன்றைக் கட்டிய கதையை அறியாதவர் இரார். காஞ்சியில் தான் கட்டிய கற்றளிக்கு மன்னன் குறித்த அதே நாளைப் பூசலாரும் தம் கோயிலுக்குக் குறித்தார். இறைவன் மன்னனின் கனவில் தோன்றி, அன்று நின்றவூர் அன்பனின் ஆலயத்துக்குச் செல்கிறோம், நீ நாளைத் தள்ளிவை என்றார்.

இந்தக் கதையில் பக்தியைப் பலர் பேசியிருக்கிறார்கள். எங்கள் கண்ணில் பட்டது வேறொன்று. சேக்கிழார் அந்த மனக்கோயிலை ஒரு நொடியில் தோன்றச் செய்துவிடவில்லை. தச்சர்களைத் தேடுவதிலிருந்து தொடங்கி, அடிநிலை, சிகரம், தூபி என்று வரிசையாகக் கட்டி, அதற்குச் சுதை பூசி, கிணறும் குளமும் தோண்டிய பிறகே குடமுழுக்குக்கு நாள் பார்க்கிறார். கட்டட வேலை அறிந்த ஒருவரின் வரிசை அது. கற்பனைக் கோயிலாயினும் சுதை வேண்டும், நீர் வேண்டும். சுண்ணாம்புச் சாந்தும் நீரும் இல்லாமல் கோயில் முடிவடையாது என்பது பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழருக்குத் தெரிந்திருந்தது.

அதே கதையின் மறுபாதியில் வரும் கற்றளி இன்றும் நிற்கிறது. சேக்கிழார் காடவர் கோமான் என்று குறிப்பிடும் மன்னனை இராசசிம்ம பல்லவனாகவும், அந்தக் கற்றளியைக் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலாகவும் கொள்வது வரலாற்றாசிரியர் வழக்கு. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அந்தக் கோயிலின் திருச்சுற்றில் உள்ள சிறு சந்நிதிகளில், பின்னாளில் பூசப்பட்ட சுண்ணாம்புக்கு அடியில் பல்லவர் கால ஓவியங்கள் மறைந்து கிடந்தன. 1931இல் பிரெஞ்சு ஆய்வாளர் ழுவோ துப்ரேய் அவற்றைக் கண்டறிந்தார். முகத்தின் ஒரு பகுதி, கையின் வளைவு, சோமாஸ்கந்தர் உருவத்தின் சில கோடுகள் என்று எஞ்சியவை சிலவே. எனினும் அவை சாந்தின்மேல் நிற்கின்றன. சாந்து கல்லின்மேல் நிற்கிறது.

சுண்ணாம்பின் இயல்பை இங்கே சற்று விளக்குவது நல்லது. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சூளையில் சுட்டால் நீறாத சுண்ணாம்பு கிடைக்கும். அதில் நீர் விட்டால் கொதித்து நீறிக் குழம்பாகும். அந்தக் குழம்பை மணலோடு அரைத்துச் சுவரில் பூசினால், நீர் வெளியேற வெளியேற அது காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் சுண்ணாம்புக் கல்லாக மாறும். கல் நீராகி, நீர் மறுபடியும் கல்லாகிறது. இந்தச் சுழற்சியின் நடுவே, சாந்து ஈரமாக இருக்கும் சில மணி நேரத்தில், நீரில் மட்டும் கரைத்த நிறப்பொடியைத் தீட்டினால் அது சாந்தின் தோலோடு கல்லாகிவிடும். பசை வேண்டாம், பிசின் வேண்டாம். இத்தாலியர் பிரெஸ்கோ என்று அழைக்கும் முறை இதுதான். சாந்து காய்ந்தபின் தீட்டினால் நிறத்தைப் பிடித்துவைக்க வேறொரு பசை தேவைப்படும்.

தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட சுற்றறையில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931இல் கண்டவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி. அவை எவ்வாறு தீட்டப்பட்டன என்பதைச் சொல்ல அந்த ஓவியர்களில் ஒருவரும் ஒரு குறிப்பும் விட்டுச்செல்லவில்லை. அந்த வேலை ஒரு வேதியியலாளருக்கு வந்து சேர்ந்தது. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் ஏற்பட்ட வேதியியல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய எஸ். பரமசிவன் அந்தச் சாந்தின் துணுக்குகளை ஆராய்ந்தார். கரடான அடிப்பூச்சு, அதன்மேல் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு, அது ஈரமாக இருக்கையிலேயே தீட்டிய நிறம் என்பது அவர் கண்ட முடிவு.

இந்த முடிவை ஒரு நாள் வேலையாக எண்ணிப் பார்த்தோம். கொத்தர் காலையில் ஒரு பகுதிக்கு மட்டும் மென்பூச்சு பூசவேண்டும். எவ்வளவு பரப்பு என்பதை ஓவியர் சொல்லவேண்டும். ஏனெனில் ஈரம் போகுமுன் தீட்டி முடிக்கக்கூடிய அளவை அவரே அறிவார். அதிகம் பூசினால் மிச்சம் வீணாகும். குறைவாகப் பூசினால் உருவத்தின் நடுவே இணைப்புக்கோடு விழும். நிறப்பொடிகள் முன்னரே அரைத்து நீரில் ஊறியிருக்கவேண்டும். தவறான கோட்டை அழித்துத் திருத்த இடமில்லை. வரைவு முழுவதும் மனத்தில் முடிந்திருந்தால்தான் கை துணிந்து இறங்கும். பூசலாரின் மனக்கோயிலைச் சற்றே வேறு கோணத்தில் பார்க்க இது இடந்தருகிறது. கட்டுமுன் மனத்தில் கட்டி முடிப்பது அடியவரின் வழி மட்டுமன்று. ஈரச் சாந்தின்முன் நின்ற ஒவ்வொரு ஓவியரின் வழியும் அதுவே.

எல்லாச் சுவரோவியமும் இவ்வாறு தீட்டப்பட்டதன்று. அஜந்தாவில் காய்ந்த பரப்பின்மேல் பசை கலந்த நிறம் தீட்டினார்கள். கேரளச் சுவரோவியர்கள் சுண்ணாம்பில் இளநீர் கலந்து பல முறை பூசி, காய்ந்தபின் வேப்பம்பிசின் சேர்த்த நிறத்தைத் தீட்டினார்கள். பிசின் கலந்த நிறத்துக்கு ஒரு தயவு உண்டு. சிரட்டையிலோ சிப்பியிலோ காய்ந்துபோனாலும், இரண்டு துளி நீர் விட்டால் மறுபடியும் இளகிவிடும். இந்தத் தயவு சுண்ணாம்புக்குக் கிடையாது. காய்ந்தது காய்ந்ததுதான். அக்ரிலிக்குக்கும் கிடையாது என்பதைப் பிறகு பார்ப்போம்.

இடையில் எண்ணெய் வந்தது. ஆளி விதை எண்ணெயில் குழைத்த வண்ணம் நீரைப்போல் ஆவியாவதில்லை. காற்றிலுள்ள ஆக்ஸிஜனை ஏற்று மெல்ல மெல்ல இறுகுகிறது. அதற்கு நாட்கள் ஆகும், சில நிறங்களுக்கு ஒரு வாரமும் ஆகும். திங்கட்கிழமை தீட்டிய கன்னத்தைப் புதன்கிழமை திருத்தலாம். திருவனந்தபுரம் அரண்மனையில் இளைஞர் ரவிவர்மா இந்த வித்தையைக் கற்க விரும்பியபோது, அங்கிருந்த மதுரை ஓவியர் ராமசாமி நாயக்கர் கற்றுத்தர மறுத்ததாகச் சொல்வார்கள். 1868இல் வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியரும் தாம் தீட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்க மட்டுமே இசைந்தாராம். பார்த்தே கற்ற ரவிவர்மா 1873இல் சென்னைக் கண்காட்சியில் தங்கப்பதக்கம் பெற்றார். பட்டின் மினுமினுப்பும் தோலின் மென்மையும் அவர் படங்களில் அவ்வாறு அமைந்ததற்கு, ஈரமான இரு நிறங்களை அவசரமின்றி ஒன்றோடொன்று இழைய விடும் அந்த நீண்ட கால அவகாசமும் ஒரு காரணம்.

அதே அவகாசத்தின்மீதுதான் சென்னையின் சினிமா பேனர்களும் எழுந்தன. நிறப்பொடியை ஆளி விதை எண்ணெயில் குழைத்து, கட்டம் போட்ட துணியின்மேல் இருபதடி முகங்களைத் தீட்டிய ஓவியர்கள், இளஞ்சிவப்புக் கன்னத்தின் ஓரத்தில் பச்சையையும் ஊதாவையும் இழைத்து இறக்கியதை நாமெல்லோரும் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் பேருந்திலிருந்து அண்ணாந்து பார்த்திருக்கிறோம். புத்தாயிரத்தின் முதல் சில ஆண்டுகளுக்குள் ஃபிளெக்ஸ் அச்சு அந்தத் தொழிலை ஏறக்குறைய முடித்துவைத்தது. 2009ஆம் ஆண்டளவில் சென்னை மாநகராட்சி முதன்மைச் சாலைகளின் சுவர்களில் சுவரொட்டிகளைத் தடுத்து, அவ்விடங்களில் தமிழ்ப் பண்பாட்டுக் காட்சிகளைத் தீட்டச் செய்தபோது, பேனர் ஓவியர்களுக்கு மறுபடியும் வேலை கிடைத்தது. துணியிலிருந்து சுவருக்கு வந்த கைக்கு எண்ணெய் உதவாது. சுண்ணாம்பும் சிமெண்டும் காரத்தன்மை உடையவை. எண்ணெய் வண்ணம் அவற்றின்மேல் நெடுநாள் நிலைக்காது. சுவருக்கு ஏற்றது எமல்ஷன். அதாவது அக்ரிலிக்.

அக்ரிலிக்கின் பிறப்பு ஓவியக்கூடத்தில் நிகழவில்லை. ஜெர்மனியில் ஓட்டோ ரோம் 1901இல் தம் முனைவர் பட்டத்துக்காக ஆராய்ந்த அக்ரிலிக் சேர்மங்களிலிருந்து அந்தத் தொழில் கிளைத்தது. 1930களில் மெக்சிகோவின் சுவரோவியர் சிக்கெய்ரோஸ், வெயிலையும் மழையையும் தாங்கும் வண்ணத்தைத் தேடி, மோட்டார் வண்டிக்கு அடிக்கும் பெயின்ட்டைக் கையில் எடுத்தார். 1936இல் நியூயார்க்கில் அவர் நடத்திய சோதனைப் பட்டறை அந்தத் தேடலுக்குப் பேர்பெற்றது. தொழிற்சாலையின் வண்ணம் ஓவியனின் வண்ணமாகலாம் என்பதை அது காட்டியது. 1955இல் அமெரிக்காவில் லிக்விடெக்ஸ் என்ற பெயரில், நீரில் கரைத்துத் தீட்டக்கூடிய அக்ரிலிக் ஓவியர்களுக்கென விற்பனைக்கு வந்தது. நம் நாட்டு ஓவியர்களில் எஸ்.எச். ரஸா 1962இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் கற்பிக்கச் சென்றபோது அக்ரிலிக்கைப் பழகி, பின்னர் எண்ணெயை விட்டு அதற்கே மாறினார்.

நீரில் மிதக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் உருண்டைகளும் நிறப்பொடியும் சேர்ந்த பால்போன்ற கலவைதான் அக்ரிலிக் வண்ணம். நீர் ஆவியாகும்போது உருண்டைகள் நெருங்கி, ஒட்டி, உருகியதுபோல் ஒன்றாகிப் படலமாகும். அந்தப் படலத்தை நீரால் மறுபடி கரைக்க முடியாது. மேற்பரப்பில்தான் முதலில் நீர் போகிறது. ஆகவேதான் முதலில் ஆடை கட்டுகிறது. வெப்பம், வறண்ட காற்று, நீரை உறிஞ்சும் பரப்பு ஆகிய மூன்றும் அதன் பகைவர்கள். கோடையில் சென்னையின் மேற்குப் புறநகரில் இம்மூன்றும் ஒன்றுகூடுகின்றன. மெரினாவை நண்பகலிலேயே தொட்டுவிடும் கடற்காற்று அம்பத்தூரையும் ஆவடியையும் அடையச் சற்று நேரமாகும். அதுவரை வீசுவது மேற்கிலிருந்து வரும் வறண்ட தரைக்காற்று. அந்த இடைவேளையில் தட்டிலுள்ள வண்ணம் நிமிடக்கணக்கில் காயும். அதே அறையில் ஐப்பசி அடைமழையின்போது அரைமணி கழித்தும் கையில் ஒட்டும்.

இனி நண்பர்களின் கேள்விக்கு வருவோம். வண்ணத்தில் நீரை ஊற்றி ஈரமாக வைக்கலாமே என்பதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். அதிகம் ஊற்றினால் உருண்டைகள் விலகி, படலம் வலுவிழந்து, காய்ந்தபின் நிறம் வெளிறும். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் என்ற திரவம் கடையில் கிடைக்கிறது. பெரும்பாலும் கிளைக்கால் வகையைச் சேர்ந்த அது நீரை எளிதில் விடாது. நம் கொத்தர்கள் சாந்தின் குழைவுக்காகக் கடுக்காய் நீரும் வெல்ல நீரும் சேர்த்ததை இங்கே நினைத்துக்கொள்ளலாம். வேதியியல் வேறாயினும் வேலை செய்ய இசைவான நிலையை நீட்டிக்கும் நோக்கம் ஒத்ததே. ஆனால் ரிடார்டரைத் துளிக்கணக்கில்தான் சேர்க்கவேண்டும். கூடிப்போனால் படம் நாள்கணக்கில் பிசுபிசுத்து, புறநகரின் புழுதியையெல்லாம் ஏற்றுக்கொள்ளும்.

எங்களுக்குப் பலன் தந்தது ஈரத்தட்டு. மூடியுள்ள ஒரு தட்டையான பிளாஸ்டிக் டப்பா, அதன் அடியில் நீரில் தோய்த்த ஸ்பாஞ்ச் அல்லது நான்காக மடித்த பருத்தித் துணி, அதன்மேல் பட்டர் பேப்பர். இவ்வளவுதான். ஸ்பாஞ்சின்மேல் நீர் தேங்கி நிற்கக்கூடாது. அழுத்தினால் கசிந்தால் போதும். பேப்பரை இருபுறமும் நனைத்து, அடியில் காற்றுக் குமிழி இல்லாமல் படியவைக்கவேண்டும். மெழுகு பூசிய தாளில் நீர் ஊடுருவாது. மேலே நீர் ஆவியாக ஆவியாக, கீழிருந்து தாளின் வழியே ஈரம் ஏறிக்கொண்டிருக்கும். மூடிவைத்தால் மறுநாள் காலையிலும் வண்ணம் இளகியிருக்கும். நம் வெக்கையில் மூன்று நான்கு நாட்களில் பூஞ்சை பிடித்து நாறத் தொடங்கும் என்பதால் நீரையும் துணியையும் அடிக்கடி மாற்றவேண்டும். அவ்வப்போது மென்துளித் தெளிப்பானால் தட்டின்மேல் ஒரு முறை தூவலாம். மின்விசிறியைத் தட்டுக்கு நேரே வைக்காமல் முதுகுக்குப் பின்னே வைத்தால் இருவருக்கும் நல்லது.

இந்தத் தட்டைப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகுதான் தஞ்சைச் சுவர் எங்களுக்குப் புரிந்தது. ஈரத்தை வண்ணத்துக்குள் திணிக்க முயன்றவரை தோற்றோம்; வண்ணத்துக்கு அடியில் வைத்தபோது அது நின்றது. சோழர் கால ஓவியர் தம் நிறத்தை ஈரமாக வைத்துக்கொள்ள முயலவில்லை. நிறம் தங்கும் பரப்பை ஈரமாக வைத்துக்கொண்டார். அளவாகப் பூசி, அளவாகத் தீட்டினார். அக்ரிலிக்கிலும் இதே ஒழுங்கு உதவுகிறது. சிறுபகுதியாக எடுத்துக்கொள்வது, கலவைகளை முன்கூட்டியே குழைத்துவைப்பது, உறிஞ்சும் சுவரை முதலில் நனைத்துக்கொள்வது, தூரிகையை ஒருபோதும் காயவிடாதிருப்பது. எண்ணெய் கற்பித்த நிதானத்தை அக்ரிலிக்கிடம் எதிர்பார்த்து, அதைக் குறையுள்ள எண்ணெய் வண்ணமாகவே நாம் நடத்திவந்திருக்கிறோம். அது சுவரோவியத்தின் உறவு என்று அறிந்தால் பாதிக் குறை தீரும்.

ஆயினும் இந்தத் தேடலில் எங்களை உறுத்திய ஒன்று உண்டு. பெரிய கோயிலில் தீட்டியவர்களின் முறையை அறிய, ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பிறகு ஒருவர் சாந்துத் துணுக்கை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச்செல்ல வேண்டியிருந்தது. செய்தவர்கள் எழுதிவைக்கவில்லை, எழுதத் தெரிந்தவர்கள் கேட்டுவைக்கவில்லை. நம் காலத்திலும் அதுவே நடக்கிறது. தேர்தலுக்குத் தேர்தல் சுவரில் வெள்ளையடித்துச் சின்னமும் பெயரும் எழுதியவர்கள், பட்டறைகளில் லாரியின் முதுகுக்கு வண்ணம் தீட்டியவர்கள், பேனர் துணியை விட்டுச் சுவருக்கு வந்தவர்கள் ஆகியோரில் பலர் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். சித்திரை வெயிலில் மேற்குப் பார்த்த சுவரை எந்த நேரத்தில் தொடக்கூடாது, எமல்ஷன் டப்பாவை எதைக் கொண்டு மூடவேண்டும், பாதி எழுத்தில் வண்ணம் இழுத்தால் என்ன செய்யவேண்டும் என்பதெல்லாம் அவர்கள் கையில் உள்ள அறிவு. நாம் மேலே எழுதிய குறிப்புகளைவிட அது நுட்பமானது. ஆனால் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஆகவே வாசக நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி, திருநின்றவூர்ப் பகுதிகளில் வசிப்பவர்கள், தம் தெருவில் சுவரெழுதும் பெரியவர் ஒருவர் இருந்தால், ஒரு மாலை அவரோடு அமர்ந்து, எப்படிக் கலப்பீர்கள், எப்படிக் காயாமல் காப்பீர்கள் என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். அவர் சொல்லும் சொற்களிலேயே எழுதுங்கள். நாம் திருத்த வேண்டாம். பெயரைப் போடலாமா என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தூரிகை கழுவிய நீரில் இருப்பது நிறம் மட்டுமன்று, பிளாஸ்டிக்கும்தான். அதை வடிகாலில் கொட்டினால் அது அம்பத்தூர் ஏரிக்கோ பருத்திப்பட்டு ஏரிக்கோ போய்ச் சேரக்கூடும். ஒரு வாளியில் சில நாட்கள் தெளியவிட்டு, மேல்நீரைத் துணியில் வடிகட்டி, அடியில் தங்கியதை வெயிலில் காயவைத்துக் குப்பையில் சேர்த்துவிடலாம். காயாமல் காக்க இத்தனை பாடுபட்ட வண்ணத்தை, அந்த ஓர் இடத்தில் மட்டும் நன்றாகக் காயவிடவேண்டும்.